பாப்பம் பாஸ்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். வயிற்றில் சுமந்தது ஐந்து, தங்கச்சி செத்துப்போய் என் கையில் விட்டது இரண்டு. அதோடு றப்பர் மரத்தில் பாலும் வெட்டினேன். என் கத்தி பட்டு மரத்துக்குக் காயம் என்று ஒரு கங்காணியும் சொன்னதில்லை. இருட்டு, அட்டை, பாம்பு, துரைமார் சத்தம், எதற்கும் பயப்படக்கூடாது என்று சொல்லித்தான் ஏழையும் வளர்த்தேன். பயந்த ஆம்பிளை என்றால் எனக்கு இளக்காரம். அப்படிப்பட்ட நான், பயப்படுவதையே தொழிலாக வைத்திருந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரர்களை, மேசனோ தச்சனோ மெக்கானிக்கோ, பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இவர் மெக்கானிக் பாஸ். இஸ்லாமான ஆள். ருவான்வெல்லைக்குப் போகிற ரோட்டில், எங்கள் தோட்டத்துக்குப் பிரிகிற வளைவில், தகரம் போட்ட கராஜ் வைத்திருந்தார். பெயர் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். யாராவது பெயர் சொல்லிப் புகழ்ந்தாலே, இனி என்ன நடக்கப் போகிறதோ என்று முகம் சுருங்கிவிடும் அவருக்கு.

ஒல்லி உடம்பு. சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்பார். யோசிக்கும்போது எண்ணெய்க் கையால் நெற்றியைச் சொறிவார், அதனால் பகல் முழுக்க நெற்றியில் ஒரு கறுப்பு இருக்கும். எங்கள் ஊரில் தமிழர், சிங்களவர், முஸ்லிம் எல்லாருக்கும் பொதுவான ஒரு சொல் உண்டு, "ஹரி." சரி என்று அர்த்தம். பஸ்ஸை எடுக்கச் சொல்லவும் ஹரி, சண்டையை முடிக்கவும் ஹரி. இவர் வாயில் மட்டும் அது வராது. தமிழில் சரி என்றும் வராது. வேலை முடிந்ததா என்று கேட்டால், "முடிஞ்ச மாதிரித்தான் ஈக்கிது. பாப்பம்" என்பார். அப்படியே அவருக்குப் பாப்பம் பாஸ் என்று பெயர் விழுந்தது.

வளைவில் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதுதான் பொழுதுபோக்கு.

"பாஸ், இன்னிக்கி மழ வருமா?"

"பாப்பம்."

"மழய விடுங்க. நாளைக்கி வெள்ளிக்கெழமதானே?"

அவர் காதில் அது விழுந்திருக்காது. தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி ரோட்டோரம் நிற்கிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்தப் பின் டயர்ல காத்துக் கொறஞ்ச மாதிரி ஈக்கிது" என்று எழுந்து போய்விடுவார். பின்னால் சிரிப்பு வெடிக்கும்.

ஒரு நட்டை முறுக்கினால், நட்டிலிருந்து எஞ்சின் வரைக்கும் நகப் பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். நட்டு ஒரு மயிரளவு அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடுமாம். கடையில் நகப் பூச்சு வாங்கப் போனால், "வீட்டுல யாருக்கு பாஸ்?" என்று பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள். "எஞ்சினுக்கு" என்று நேராகவே பதில் சொல்லுவார்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்த பாஸ் பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் கோணிவிட்டது. என்ன குறை கண்டார் என்று கேட்கப் பின்னாலேயே போனேன். சரிவில் நிறுத்தியிருந்த வேனின் பின்சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். வேனுக்குள்ளே பிள்ளைகள் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்குங்க பாஸ்" என்றான் டிரைவர்.

"போட்டீக்கிறீங்க. அது பிடிச்சீக்கிதா எண்டு பாக்கல்லயே."

கையைக் கழுவிக்கொண்டு வந்து பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குக் கோபம் ஆறவில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் கெட்டதை நினைக்கிற மனுசன் என்று வீட்டில் வந்து ஏசினேன்.

என் கடைசி மகன் முரளி லொறி வைத்திருக்கிறான். தோட்டங்களில் சேர்கிற றப்பர் பாலைப் பீப்பாய்களில் ஏற்றி ஸ்டோர் என்கிற றப்பர் ஆலைக்குக் கொண்டுபோகிற வேலை. டீசலுக்கு வரிசையில் கிடந்த காலம் முடிந்து வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கிய நேரம். பாரத்தோடு மேட்டு ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது, எஞ்சினுக்குள்ளே கிராங்க் இரண்டாக முறிந்துவிட்டது. கிராங்க் என்றால், பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிக்கிற குதியைச் சுற்றாக மாற்றிச் சக்கரத்துக்கு அனுப்புகிற, கோணல் கோணலான பெரிய இரும்புத் தண்டு. எஞ்சின் நின்றால் அந்த லொறியில் பிரேக்கும் கல்லாகிவிடும், மிதித்தாலும் இறங்காது. வண்டி பின்னுக்கு உருண்டது. ஒரு பக்கம் மண் திட்டு, மற்றப் பக்கம் பள்ளம். முரளி திட்டுப் பக்கம் திருப்பிவிட்டான். பீப்பாய்கள் கவிழ்ந்து ரோடு முழுக்கப் பால்.

தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளையாக வாசலில் வந்து நின்றான். "என்னா பாக்குற? பாலாபிஷேகம் முடிஞ்சி வாறேன்" என்றான். நானும் சிரித்தேன். பின்கட்டுக்குப் போய் அவனுக்குக் குளிக்க என்று, நிரம்பி வழிகிற வாளிக்குள்ளேயே மறுபடி மறுபடி தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

லொறியைப் பாப்பம் பாஸின் கராஜுக்கு இழுத்துப் போனார்கள். ஸ்டோரில் அதிக நாள் பொறுக்கமாட்டார்கள், வேலை வேறு லொறிக்குப் போய்விடும் என்று முரளி பறந்தான். அவனுடைய அவசரத்தைப் பார்த்ததும் நானும் சோற்றைக் கட்டிக்கொண்டு தினமும் கராஜுக்குப் போகத் தொடங்கினேன். பயப்படாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று கௌரி கேட்டாள். கௌரி முரளியின் பெண்சாதி. சோற்றுப் பொதியை இறுக்கிக் கட்டினேன்.

கராஜில் முதலில் கண்ணில் பட்டது, கூரை மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த பழைய கிராங்குகள். இறைச்சிக் கடையில் ஆட்டுத் தொடை தொங்குகிற மாதிரி. கிடத்தி வைத்தால் தன் பாரத்திலேயே வளைந்துபோகும் என்று பயந்து தொங்கவிட்டிருக்கிறார்.

முறிந்ததற்குப் பதிலாக முரளி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். உடைத்து விற்ற லொறியில் இருந்தது. பளபளவென்று இருந்தது. பாஸ் அதைத் தொங்கவிட்டுப் பித்தளைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். டொக் என்றது. பக்கத்தில் தொங்கியதைத் தட்டினார், அது மணி மாதிரிப் பாடியது.

"மெதுவாத் தட்டுனா மெதுவாத்தான் கேக்கும் பாஸ்" என்றான் முரளி.

அவர் முரளி கொண்டுவந்ததை இறக்கினார். மண்ணெண்ணெயில் ஊற வைத்து, ஈரம் போகத் துடைத்து, பள்ளிக்கூடத்துச் சோக்கை இடித்த தூளை மேலே பூசினார். பூசிவிட்டுக் குந்தியிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பூச்சில், வளைவு தொடங்குகிற மூலையில், தலைமுடி மாதிரி ஓர் ஈரக் கோடு மெல்ல எழும்பி வந்தது. வெடிப்புக்குள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே வருகிறது.

"பாத்தீங்களா அம்மா? மொதல்ல முறிஞ்சதும் இப்பிடித்தான் தொடங்கியீக்கும். முறியிறது ஒரு நாள்ல இல்ல."

 அப்படி ஒரு கோட்டின் மேல் என் பிள்ளை எத்தனை நாள் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறான்.

அடுத்தது பெட்டியோடு வந்த புதுசு. முரளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாஸ் பிரித்துப் பார்த்து நெற்றியைச் சொறிந்தார். "இது எங்கயும் ஓடல்லயே. ஓடாத ஆள எப்பிடி நம்புற?"

"அப்ப புதுப்பொண்ணு வேணாம், குடும்பம் நடத்துனவதான் வேணுங்கிறீங்க?" என்றான் முரளி, நான் இருப்பதை மறந்து. கராஜே சிரித்தது. பாஸும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அளந்தார். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் அளவு ஒத்துவரவில்லை. பெட்டிக்குள் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாவது ஜப்பானில் ஓடி வந்தது. தட்டினால் சத்தம் அடங்க நேரம் எடுத்தது. சோக்குப் பூச்சில் கோடு எழும்பவில்லை. "தேஞ்ச எடத்த மெஷின்ல ஒரு தரந்தான் கடைஞ்சீக்கிது" என்றார். அது நல்லதா என்று கேட்டேன். "பாப்பம் அம்மா."

இரண்டு இரும்புச் சட்டங்களைத் தண்ணீர் மட்டம் பார்த்து வைத்து, அவற்றின் மேல் கிராங்கை உருட்டிவிட்டார். எங்கே விட்டாலும் உருண்டு போய் அதே பக்கம் கீழே வந்து நின்றது. தாய் மடி இருக்கிற பக்கமே புரளுகிற கைக்குழந்தை மாதிரி.

"அந்தப் பக்கம் பாரம். மெல்லச் சுத்தேக்க ஒண்டுந் தெரியாது. வேகமாச் சுத்தேக்க அந்தக் கொஞ்சப் பாரம் முழு எஞ்சினயும் உலுக்கும். உலுக்கி உலுக்கித்தான் வெடிக்கிற."

பிஸ்டன்களையும் அவற்றைப் பிடிக்கிற தண்டுகளையும் தராசில் ஒன்றோடொன்று நிறுத்து, கனத்ததை அரத்தால் தேய்த்தார். கிராங்கை மட்டும் இரத்தினபுரியில், வேகமாகச் சுற்றிப் பார்க்கிற மெஷின் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனார். முரளியும் போனான். பட்டறைக்காரர் பாரமான பக்கத்தில் துளை போட்டு இரும்பைக் குறைத்துவிட்டு, "ஹரி பாஸ்" என்றாராம். "இன்னொருக்கா சுத்துங்க" என்றாராம் இவர். மறுபடியும் ஹரி. "கழட்டிட்டு மாட்டி, இன்னொருக்கா." பட்டறைக்காரர் முரளியைப் பார்த்து, "மேக்க ப்ளேன் எகடத?" என்று கேட்டாராம். இது ஆகாயக் கப்பலுக்கா என்று. முரளி சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கிராங்குக்குள்ளே எண்ணெய் ஓடுவதற்குப் பென்சில் முனை போகிற அளவில் துவாரங்கள் உண்டு. எண்ணெய் வராவிட்டால் இரும்பும் இரும்பும் உரசிப் பற்றிக்கொண்டு, சுற்று நின்றுவிடும். பட்டறையிலேயே எல்லாவற்றையும் கழுவி, தூசு போகாமல் ஒவ்வொரு துவாரத்திலும் துணித் துண்டு திணித்தார். திரும்பி வந்தது வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. "கராஜ் பூட்டியீக்கிது, உங்கட வீட்டுல நிமித்தி வைங்க, படுக்க வைக்காதீங்க. காலயில வந்து எடுக்கிறேன்" என்று முரளியிடம் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலில் இறங்கிக்கொண்டார்.

அவருக்கு வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கும் வெள்ளிக்கிழமைதான். கிராங்க் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தூணோடு கட்டப்பட்டு நின்றது. விளக்கேற்றுகிற நேரம் கௌரி அதற்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தாள். புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் வைக்கத்தானே வேண்டும். புருசன் உயிர் அதில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். கும்பிட்டு எழுந்தபோது அவள் கண் ஈரமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் வந்தவர் பொட்டுகளைப் பார்த்துச் சற்று நின்றார். "மகள் வெச்சதா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள். கராஜில் வைத்து நல்ல துணி எடுத்து, மெதுவாக, குழந்தை முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தார். அந்தத் துணியைக் குப்பையில் போடாமல் மடித்து வைத்தார். எனக்கு அவர் மேல் இருந்த பழைய கோபமெல்லாம் அப்போதுதான் போனது.

எஞ்சின் பூட்டியாயிற்று. நின்ற இடத்திலேயே சில நாள் ஓடவிட்டுப் பார்த்தார். முரளிக்கு அது போதும். நல்ல நேரம் குறித்து, லொறியைக் கோயில் வாசலில் நிறுத்தினோம். லொறிக்கு மாலை, முன் கண்ணாடியில் திருநீறு, முன்சக்கரங்களுக்கு அடியில் தேசிக்காய் என்கிற எலுமிச்சங்காய். அதை நசுக்கிக்கொண்டு புறப்பட்டால் கண்ணூறு கழியும், பிறகு நேரே தோட்டத்துக்குப் போய்ப் பால் ஏற்ற வேண்டும். பூசாரி சூடம் காட்டினார். முரளி ஏறி எஞ்சினை முடுக்கினான். பலா மரத்தடியில் ஒதுங்கி நின்ற பாஸ் கிட்டே வந்து குனிந்து கேட்டார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"என்னாங்க பாஸ், சத்தம் வருதா?"

"சத்தம் ஒண்டும் இல்ல." நெற்றியைச் சொறிந்தார். கௌரியிடம் வந்தார். "மகள், அண்டைக்குப் பொட்டு வெக்கேக்க, ஓட்டையில துணியெல்லாம் அப்பிடியே ஈந்திச்சா?"

கௌரி சந்தோசமாகத்தான் சொன்னாள். "ஒண்ணு மட்டும் கீழ விழுந்து கெடந்துச்சிங்க பாஸ். தூசு போயிருமேன்னு சந்தனத்த நல்லாக் கொழச்சி அதுல அடச்சி விட்டேன்."

அவர் லொறிப் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. "ஓஃப் பண்ணுங்க மகன்" என்றார்.

"நேரம் போகுது பாஸ். இத்தன நாளா ஓடிச்சே, என்னா ஆச்சி?"

"நிண்ட எடத்துல ஓடிச்சி. பாரத்தோட மேடு ஏறல்ல."

"ஒரு நட போயிட்டு வந்து கழட்டுவோம். ஸ்டோருல இன்னிக்கிப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நல்ல காரியத்துல வந்து நின்னுக்கிட்டு..." முரளி மீதியை விழுங்கினான். பூசாரி வானத்தைப் பார்த்தார். கௌரி என் கையைப் பிடித்தாள்.

குறித்த நேரத்தில் புறப்படாத வண்டி என்ன வண்டி என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பாஸின் முகத்தைப் பார்த்தேன். தனக்கு நிச்சயம் தெரியும் என்ற பாவனை அதில் இல்லை. தெரியாது என்பதுதான் இருந்தது. முறிந்த கிராங்கோடு பின்னுக்கு உருண்ட லொறி என் கண்ணுக்குள் ஓடியது. முன்சக்கரத்தடியில் முழங்கால் முறிகிற மாதிரிக் குனிந்து, தேசிக்காயை வெளியே எடுத்தேன். மற்றப் பக்கம் போய் அதையும் எடுத்தேன்.

"அம்மா, என்னா செய்ற?"

"எறங்குடா."

தேசிக்காய் இல்லாமல் அவன் சக்கரத்தை உருட்டமாட்டான். அது எனக்குத் தெரியும். இறங்கினான். கதவை அடித்த அடியில் மாலை அறுந்து விழுந்தது.

கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போய் அன்றைக்கே எஞ்சினின் அடிப்பக்கத்தைக் கழற்றினார். நானும் கௌரியும் மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தோம். கிராங்கைத் தாங்குகிற ஒரு பேரிங் மூடியைக் கழற்றியதும் அவர் கை நின்றுவிட்டது. உள்ளே இருக்கிற தகடு கறுத்து, நகத்தால் கீறிய மாதிரிக் கோடு கோடாக இருந்தது. நின்ற இடத்தில் ஓடியதற்கே அவ்வளவு. துவாரத்தில் கம்பியை விட்டுத் தள்ளினார். நெல்லளவில், காய்ந்து கல்லாகிப்போன சந்தனம் விழுந்தது. முரளி அதை உள்ளங்கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். பிறகு பழைய டயர் ஒன்றில் போய்ச் சரிந்து உட்கார்ந்தான். கௌரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இன்னொருவராக இருந்தால் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். "நான் சொன்னேனே, பாத்தீங்களா?" என்று. இவர் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தார்.

"துணி இல்லாத ஓட்டைய நான் கண்டேன் அம்மா. வாயில சந்தனம் ஒட்டியீந்திச்சி. தொடச்சேன். கம்பி விடல்ல. உங்கட சாமிக்கு வெச்சது, நான் குத்தி நோண்டினா மனசுல என்ன நெனப்பீங்களோ எண்டு விட்டுட்டேன். பயப்பட வேண்டிய எடத்துல வெக்கப்பட்டுட்டேன்."

 எனக்கே அவர் மெதுவாகத் துடைத்ததுதானே பிடித்திருந்தது.

கௌரியைப் பார்த்து, "அழாதீங்க மகள். தூசு போகக்கூடாது எண்டுதானே அடச்சீங்க. அது நல்ல எண்ணம்" என்றார். முழுக் கிராங்கையும் மறுபடி வெளியே எடுத்துத் தொங்கவிட்டார். சிராய்ப்பைத் தேய்த்து மினுக்கி, அளந்து, புதுத் தகடு தேடி வந்தார். பூட்டுவதற்கு முன் கௌரியைக் கூப்பிட்டுக் கையில் கம்பியைக் கொடுத்தார். ஒவ்வொரு துவாரத்திலும் அவளையே விடச் சொன்னார். "மத்தப் பக்கம் கம்பி வந்திச்சா? கண்ணால பாத்தீங்களா?" பாத்தேன் என்று அவள் சொல்லும் வரைக்கும் அடுத்ததற்குப் போகவில்லை. முடிந்ததும், எஞ்சினுக்கு வெளியே ஒரு இடத்தைத் துடைத்துக் காட்டி, "இனிப் பொட்ட இங்க வைங்க" என்றார்.

ஸ்டோர் வேலையில் பாதி வேறு லொறிக்குப் போய்விட்டது. மீதி கிடைத்தது. புறப்பட்ட நாளில் நல்ல நேரம் பார்க்கவில்லை. தேசிக்காய் மட்டும் நான் வைத்தேன். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம், இன்றைக்காவது சரி என்ற சொல் வரும் என்று. வரவில்லை. மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, முரளிக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"மேடு ஏறி எறங்கும் மட்டும் நானும் வாறேன்."

அன்று பாரத்தோடு அந்த மேட்டில் ஏறி இறங்கிப் பொழுதிறங்க வந்தார்கள்.  வழி நெடுக அவர், பிரேக் மிதிக்கிற மாதிரி, காலை முன்னால் ஊன்றியபடியே இருந்தாராம்.

பிறகு பாஸ் கண் பார்வை குறைந்து மகளோடு தூரத்துக்குப் போய்விட்டார். கராஜை இப்போது வேறொரு ஆள் நடத்துகிறார். சிரித்த முகம், கெட்டிக்காரர். நேற்று லொறியில் ஏதோ சத்தம் என்று முரளி கொண்டுபோனான். தேத்தண்ணி ஆறுவதற்குள் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஹரியாம்" என்றான்.

இன்றைக்குக் காலையில் லொறியோடு போனவன் இன்னும் வரவில்லை. மத்தியானத்திலிருந்து மழை விடவில்லை. மேட்டு ரோட்டில் மண் சரிந்திருக்கிறது என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். போன் பண்ணினால் மணி போகிறது, எடுக்கிற ஆள் இல்லை. கௌரி விளக்கை ஏற்றிவிட்டு வாசலிலேயே நிற்கிறாள், உள்ளே கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறாள்.

போதும் பிள்ள, நான் சொல்லச் சொல்ல நீ எழுதுனது. இப்ப மொதல்ல இருந்து எனக்கு வாசிச்சிக் காட்டு. சத்தம் போட்டு வாசிக்காத, பக்கத்துல வந்து மெதுவா வாசி. ரோட்டுச் சத்தம் எனக்குக் கேக்கணும்.